நம் ரத்தத்தில் பழுது கிடையாது

என் உடன்பிறந்த முனுசாமிக்கு, மலாக்காவிலிருந்து அக்கா கோமளா எழுதுவது. முட்டிவலியைத் தவிர நான் நலம். உன் நலத்தை நீ போனை எடுத்தால்தானே கேட்க முடியும்.

அகல்யாவின் ரத்த முடிவு வந்த அன்று என் தெங்கேரா வீட்டில் இருந்தவர்கள்: நான், பேத்தி அகல்யா, அவள் புருஷன் நிவேந்திரன், அவனைப் பெற்ற கமலவேணி. நாளைக்கு யாராவது 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்றால் நீ நம்பக்கூடாது, அதற்காக எழுதுகிறேன். பிள்ளை பெறுவதற்கு முன்னால் அகல்யா கிளினிக்கில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். தலசீமியா என்று ஒன்று அவள் ரத்தத்தில் ஒளிந்திருக்கிறதாம். அவளை அது ஒன்றும் செய்யாதாம். புருஷனுக்கும் அதுவே இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்தாம். அவன் முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் கமலவேணி, "எங்க பக்கம் இப்படி எதுவும் இல்ல லா. எங்கேருந்து வந்துச்சோ" என்றாள். நிச்சயத்துக்கு முன்னாலேயே ரத்தம் பார்க்கலாம் என்றவளும் இவள்தான். "பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. எம் பேத்தி என்ன உம்பாய்க் கடை மீனா, செவுளத் தூக்கிப் பாக்க?" என்று அன்றைக்கு அவள் வாயை அடைத்தவள் நான். அதை இரண்டு வருஷம் மனசில் வைத்திருந்து சொல்கிறாள். மனசில் வைத்துக்கொள்வது எவ்வளவு கெட்ட பழக்கம்!

மறுநாளே கிளினிக்கில் போய்க் கையை நீட்டினேன். "ஒங்களுக்கு எதுக்கு பாட்டி? புள்ள பெறப் போறீங்களா?" என்று ஊசியோடு வந்த நர்ஸ் மிஸி சிரித்தாள். "எடும்மா, எம் ரத்தம் பேசட்டும்" என்றேன். குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டாள். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். யார் எதில் செத்தார்கள், யார் சாவுக்கு யார் வரவில்லை, எல்லாம். இரண்டு தாள் தீர்ந்தது. நம் தங்கச்சி செல்லம்மாவையும் சொன்னேன். நாலு வயது, வெளுத்த முகம், வீங்கின வயிறு, எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர் பூச்சி மருந்து கொடுத்தும் போய்விட்டாள். மிஸி சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினாள். "அது கண்ணு பட்டதும்மா, அத எதுக்கு எழுதற?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

முடிவு வரட்டும். அந்தத் தாளைக் கமலவேணி வீட்டுச் சாமிமேடையில் ஒட்டாவிட்டால் நான் கோமளா இல்லை. நீயும் போய் ரத்தம் கொடு. இரண்டு தாளாக ஒட்டுவோம்.

மாரியாத்தா உன் பிள்ளைகுட்டிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

அக்கா கோமளா

இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். முடிவு வந்துவிட்டது. நிவேந்திரனுக்கு இல்லை, பிள்ளைக்கு அந்த நோய் வராது. எனக்கு இருக்கிறது. அகல்யாவுக்கு என் வழியாகத்தான் போயிருக்கிறது. செல்லம்மாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்கிறாள் மிஸி. நீ கட்டாயம் ரத்தம் கொடு, ஒட்டுவதற்கு இல்லை, உன் பேரப்பிள்ளைகளுக்காக. என் தாள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விஷயம் தெரிந்து கமலவேணி வந்தாள். ஏழெட்டுப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழி ரசம் வைத்துக் கொடுத்தாள், என் முட்டிக்குத் தைலம் தேய்த்தாள், போய்விட்டாள். செத்தாலும் நான் மன்னிக்கப்போவதில்லை, அந்தக் கமலவேணியை.