சாவி இறங்கும் இருதயம்

தங்கள் தூக்கத்துக்குத் தாங்களே காவல் இருக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு, வாசகரே. வாவியில் மீன் குறைந்தாலும் இந்த இனம் குறையாது. அடையாளம் கேட்கிறீர்களா? மத்தியானம் சோறு தின்று பாயில் சரிந்ததும், இடது மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, தாம் தூங்கிவிட்டோமா என்று விழித்திருந்து கவனிப்பார்கள். தூங்கவில்லை என்று தெரிந்ததும் கவலை வரும். கவலையில் நாடி ஏறும். ஏறியதை எண்ணுவார்கள்.

இந்த இனத்தின் தலைவரைத் தேடி அலைய வேண்டாம். பஸ் நிலையத்தடியில் மணிக்கூடு திருத்தும் அடியேன்தான்.

எனக்கு இரத்த அழுத்தம், அதுதான் பிறஷர், கூடியிருக்கிறது என்று கண்ட டாக்டர் நல்லதுக்குத்தான் சொன்னார்: "விழித்திருக்கும்போது பிறஷர் சட்டென்று இறங்கினால் இருதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். தூக்கத்தில் அப்படியில்லை. உடம்பே தான் பேணும் அளவைத் தாழ்த்தி வைப்பதால் பிறஷரும் நாடியும் சேர்ந்து இறங்கும். உமக்கு அந்த இறக்கம்தான் வேணும். நல்லாய்த் தூங்கும்."

சேர்ந்து இறங்குமா? சுருள்வில்லின் விசையும் குறைந்து, ஓட்டமும் குறைந்தால் அடுத்தது என்ன? நிற்பதுதானே! எத்தனை மணிக்கூடுகள் என் மேசையில் அப்படி நின்றிருக்கின்றன! நான் நின்றால் எனக்கு யார் சாவி கொடுப்பது?

மனைவி இமெல்டாவை என் நாடிக்குக் காவல் வைத்தேன். அவள் விரல் பட்டதும் துள்ளி எழும்பி, "இறங்குதா?" என்பேன்.

"இஞ்சேருங்க, நீங்க தூங்கினாத்தானே இறங்கும்! இப்பிடிக் கிடந்தா பயத்திலயே போயிருவீங்க."

அவள் சொன்னதுபோலவே ஆயிற்று. தூக்கம் கெடக் கெடப் பிறஷர் ஏறியது. "இனியும் தூங்காட்டி நான் பொறுப்பில்லை" என்று டாக்டரும் கையை விரித்தார். தூங்கினால் நின்றுவிடுவேன், தூங்காவிட்டால் வெடித்துவிடுவேன். எப்படியிருக்கிறது என் நிலைமை?

ஞாயிறு தேவாலயப் பூசையில் சுவாமியார் பொறுமையைப் பற்றி நீளமாகப் பிரசங்கித்தார். பக்கத்தில் என் கூட்டாளி நோபேட், மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவன். பிரசங்கம் தொடங்கியது நினைவிருக்கிறது. பிறகு, அது முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்லச் சனங்களோடு எழுந்து நின்றதும் நினைவிருக்கிறது.

வெளியே வந்ததும் நோபேட் சிரித்தான். "மச்சான், முழுப் பிரசங்கத்துக்கும் உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தன். நாடி என்னமா இறங்கிச்சு தெரியுமா!"

நான் உடனே மணிக்கட்டைப் பிடித்தேன். "நிக்கப் பாத்துதா?"

"நிண்ட மணிக்கூடு சாவி குடுக்காம, தானே எழும்பி நிண்டு 'ஆமென்' சொல்லுமாடா?"

இந்தத் தொழிலில் கண் மங்கிய எனக்கு அது தோன்றவேயில்லை. அன்று மத்தியானம் இமெல்டா வந்து உசுப்பும்வரை தூங்கினேன். பிரசங்கத்தில் தூங்கிய கதை அவள் காதுக்கு எட்டியிருந்தது. பிறஷர் மறுபடி ஏறியது. அது வேறு கணக்கு.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. புத்தகத்தை ஒற்றைக் கையால் பிடித்து வாசிக்கிறீர்களே, மற்றக் கை விரல்கள் எங்கே இருக்கின்றன?