மாடி -1, ஜன்னலோர அறை

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதுவது.

இங்கே நான் நலம், அங்கே உன் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, ஆவலும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னையும் உன் அக்காவையும் ஏமாற்றியிருக்கிறாய். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. உன் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது மொத்தமாகக் கழன்று போன இந்தக் காலம் வரைக்கும். நீ வேலை பார்த்த இந்த ஊரில் ஆறே கிடையாது. போனில் கேட்டால் "சிக்னல் சரியில்ல அத்தான்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் சிக்னல் போகாது.

மகளும் மருமகனும் வேலை மாறி நீ இருந்த அதே ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று கேட்டதும் உன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவள் மூட்டு வலிக்கு விமானத்தில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் என்னை வழியனுப்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் இருந்த ரூமுக்குப் போங்க. அந்த ஜன்னல்ல நின்னு ஆத்தைப் பாருங்க. பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க." மகளைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் போகமாட்டேன் என்று அழுத உன்னை "போடா, போய் மனுஷனா வா" என்று பிடித்துத் தள்ளியவள் அவள்தான். தள்ளிவிட்டு, பிள்ளையை நாமே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டோமோ என்று சோறு இறங்காமல் கிடந்தவளும் அவள்தான். நீ பேசிப் பதிந்து அனுப்பிய முதல் கேசட் வந்த அன்றுதான் தட்டில் கை வைத்தாள். "நல்ல ரூம் அக்கா, ஜன்னலோரம் எனக்குத்தான், எட்டிப் பார்த்தா ஆறு, படகெல்லாம் போகும்" என்று நீ சொல்ல, அவள் டேப் ரிக்கார்டரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்தச் சாயங்காலங்களை நான் மறக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் உன் குரலுக்கு எதிரில் உட்காருவோம். தையல் மிஷினை யாரிடமும் கேட்காமல் கழற்றி மாட்டக் கற்றவன் நான். அந்தத் தைரியத்தில் டேப் ரிக்கார்டரையும் கழற்றி, ரப்பர் வளையத்தை மாற்றினேன். அதன் பிறகு உன் குரல் கல்யாணமாகாத பெண்ணின் குரல் மாதிரி கீச்சென்று வந்தது. அப்படியும் கேட்டோம். ஜன்னலில் பார்த்ததாக நீ சொன்ன பழுப்பு பூட்ஸ் போட்ட போலீஸ்காரர், சிவப்புச் செருப்பு வாத்தியாரம்மா, ஒரு ஷூவுக்கு மட்டும் லேஸ் கட்டும் கிழவர் எல்லாரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. வெளியே மழை பிடித்தால் போதும், "அங்க ஆத்துல தண்ணி ஏறியிருக்குமோ" என்பாள். "ஏறினா ஏறட்டும், மாடிலதானே இருக்கான்" என்பேன். போகாத ஊரில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிக் குடித்தனம் நடத்தினோம். அதனால்தான் விமானம் தரையைத் தொட்டபோது எனக்குப் புது ஊருக்கு வந்த மாதிரியே இல்லை. ரொம்ப நாள் கழித்து வீடு திரும்புகிறவன் மாதிரி முகத்தைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர் காது அடைப்பு என்று நினைத்து எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

விமான நிலையத்திலேயே சங்கடம். முத்திரை குத்திய அதிகாரி மரியாதையான ஆள். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நகர்வது எப்படி? 'போறேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நானே படித்துக் கற்ற ஆங்கிலத்தில், "ஐ கோ அண்ட் கம், சார்" என்றேன். அந்த மனிதர் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, எங்கே போவீர்கள், எப்போது திரும்பி வருவீர்கள், எத்தனை தடவை வருவீர்கள் என்று ஆரம்பித்துவிட்டார். "உங்களைப் பார்க்க வரமாட்டேன், சும்மா சொன்னேன்" என்று விளக்கியதில் இன்னொரு அதிகாரியும் வந்து சேர்ந்தார். கடைசியில் மகளைப் போனில் பிடித்துப் பேசித்தான் விட்டார்கள். "அப்பா, யாரு என்ன கேட்டாலும் எஸ், நோ ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போதும்" என்றாள். காரில் ஏறியதும் "ஆத்தங்கரை வழியா ஓட்டச் சொல்லு" என்றேன். "இந்த ஊர்ல ஆறே இல்லப்பா" என்றாள். "வத்தியிருக்கும்" என்றேன். "இல்ல மாமா, மூடி ரோடு போட்டிருப்பாங்க" என்றார் மருமகன். அவர் கேலி செய்கிறார் என்பது இரண்டு சிக்னல் தாண்டித்தான் எனக்கு உறைத்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்பட வேறு ஆள் இருந்ததால்.

மறுநாள் காலையில் இருவரும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போனதும் உன் பழைய கேசட் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருப் பெயர், கட்டட எண், பிறகு 'மாடி -1'. பஸ் டிரைவரிடம் உறையைக் காட்டினேன், இறக்கிவிட்டார். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், எதிலும் துணி காயவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உன் கட்டடம் மட்டும் பழசு. பார்த்ததும் அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. முதல் மாடிக்குப் படியேறி மணியடித்தேன். ஒரு பல் டாக்டர் அம்மா. "மை பிரதர் இன் லா, விண்டோ" என்றேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். மறுப்பது மரியாதை இல்லையே என்று திறந்தேன். கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கிறதாம். திறந்த வாயோடு ஜன்னலைப் பார்த்தால் அங்கே ஆறு இல்லை, எதிர்ச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான்.

உறையை வாங்கிப் பார்த்த கட்டடக் காவலாளி என்னை லிஃப்டில் ஏற்றினார். லிஃப்ட் கீழே போனது. அப்போதுதான் அந்தப் பித்தானைப் பார்த்தேன். ஒன்றுக்கு முன்னால் ஒரு கோடு. மைனஸ் ஒன்று, தரைக்குக் கீழே. மச்சான், நம் ஊரில் எந்த விலாசத்திலும் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு போடுவது வழக்கம். அது சும்மா அழகுக்கு. அப்படித்தான் அன்றைக்கும் வாசித்தோம். நீ கோட்டை விடாமல்தான் எழுதியிருக்கிறாய். நாங்கள்தான் கோட்டை விட்டோம்.

உன் அறையில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். நீ வேலை பார்த்த சலவைக்கூடத்து ஆட்கள் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கிய இடம் என்று காவலாளி சைகையில் சொன்னார். கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், வெளியே நடைபாதை. ஒரு பெட்டி மேல் ஏறிப் பார்த்தேன். செருப்புகள் போயின, பூட்ஸ்கள் போயின. முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. நீ சொன்ன அத்தனை பேருக்கும் ஏன் முகமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு தெரு கழுவும் வண்டி வந்தது. அது பீய்ச்சிய தண்ணீர் ஜன்னலை உரசிக்கொண்டு சலசலவென்று ஓடியது. அதில் ஒரு காகிதக் கப் மிதந்து போனது. இதுதான் உன் ஆறு, இதுதான் உன் படகு என்றால், வெட்கமாக இல்லையா உனக்கு? சின்னப் பையனடா நீ அப்போது. ஒரு வார்த்தை எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? காவலாளி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நான் எழுத மாட்டேன்.

ஆகவே இனி ஆகவேண்டிய காரியங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்குப் போய், உன் அக்கா எதிரில் உட்கார்ந்து, உன் வாயாலேயே உண்மையைச் சொல்லவேண்டும். உன் மனைவி கூடவே இருந்து அவளைத் தேற்றவேண்டும். அதுவரை அவள் போன் செய்தால், அப்பா குளிக்கிறார் என்று என் மகள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மருமகன் ஆறு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

கோபம் கோபமாகவே இருக்க, நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க என் ஆசி. வீட்டில் சின்னவளுக்கு முத்தம். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா போன். நான் குளிக்கவில்லை என்று பேத்தி சொல்லிவிட்டாள். "ஆறு தெரிஞ்சுதா?" என்றாள். தெரிந்தது என்றேன். "படகு?" ஒன்று போனது, வெள்ளைப் படகு என்றேன். "அப்ப நான் அவனை அனுப்பினது தப்பில்லைல்ல?" என்றாள். "தப்பே இல்ல. ராஜா மாதிரி இருந்திருக்கான்" என்றேன். ஆகவே மேலே உள்ளதெல்லாம் ரத்து. ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுப் பக்கம் போகக் கூடாது. உன் முகம் பொய் தாங்காது. அக்கரையில் மரங்கள் இருந்தனவா என்று கேட்டால் உன் மனைவி 'வரிசையாக' என்று சொல்லவேண்டும், நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆற்றை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மருமகன் வேறு ஊர் ஆறாகப் பார்த்து ஏற்பாடு செய்யவேண்டும். நீ இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவேண்டும். கிழிக்கும் முன் அகலத்தை மட்டும் குறித்துக்கொள்: இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்காது.