சந்திரமதி வீட்டுக்குப் போன இறால் வடை

ஆகஸ்டில் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் என்று தேதி வைத்துவிட்டார்கள். அதுவரை பொறுக்க என் வயிறு தயாராக இல்லை. நோன்பு பிறந்த அன்றே எனக்கு நானே விடுதலை அறிவித்துக்கொண்டேன். இந்த ரமலானில் இந்த யூசுப் இறால் வடையை ஆசை தீரத் தின்பான். யார் தடுத்தாலும் தின்பான். ஷரீஃபாவுக்குத் தெரியாமல் தின்பான்.

ஷரீஃபா என் வீட்டுக்காரி. எண்ணெயையும் சீனியையும் குறைக்கச் சொல்லி போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னார். சொன்னவரே மறந்திருப்பார், இவள் மறக்கவில்லை. நோன்பு திறக்கக் கஞ்சி எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. வடை மட்டும் ஒன்றே ஒன்று. அவள் திட்டுகிறவளாக இருந்தால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு, பண்டார் ஹிலிரில் இருக்கும் என் துணிக்கடைக்குப் போய்விடலாம். இவள் ஏற இறங்கப் பார்த்து, "அப்படியா?" என்பாள். எனக்குக் குப்பென்று வேர்த்துவிடும்.

ஆனால் கம்போங் செட்டியில் இருக்கும் அவள் தோழி சந்திரமதிக்கு மட்டும் தினமும் மங்குக் கிண்ணம் நிறைய இறால் வடை போகும். அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய்தான் வீட்டுப் பேச்சு, சந்திரமதிக்குத் தமிழ் வராது. இருவரும் மலாயிலேயே பேசிப் பேசிப் பொழுதைக் கழிப்பார்கள். இந்த வருஷம் மங்கை நானே கொண்டுபோகிறேன் என்றேன். வெயிலில் நீ ஏன் அலைய வேண்டும் என்று குழைந்தேன். ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

வடைகளை வாழையிலையில் சுற்றி சைக்கிள் பைக்குள் ஒளித்தேன். வீட்டில் நல்ல பிள்ளையாகக் கஞ்சி குடித்து நோன்பு திறப்பது, அந்தியில் மஃரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் வடையைக் கவனிப்பது. இதுதான் திட்டம். காலி மங்கோடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மலாக்காவில் எந்த வீட்டுப் பெண் மங்கைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பாள்? சந்திரமதி வீட்டிலிருந்து வெறும் மங்கு வந்தால், அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று ஷரீஃபா அப்போதே கிளம்பிவிடுவாள். நான் தொலைந்தேன்.

தெருமுனையில் மாக் லேஹா என்ற மலாய்க்கார அம்மாள் நோன்பு மாதம் முழுக்கப் பலகாரக் கடை போட்டிருப்பாள். கீழே பாண்டான் இலைப் பச்சை, மேலே தேங்காய்ப்பால் வெள்ளையாகக் கடல்பாசி இனிப்பு வில்லைகள் இருந்தன. வாங்கி மங்கில் அடுக்கினேன்.

ஷரீஃபா ஒரு வில்லையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சந்திரமதி செஞ்சதா?"

நோன்பு வாயால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அல்லாஹ் மன்னிப்பவன். ஷரீஃபா விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

"அப்படியா?" என்றாள்.

அன்று பள்ளிக்குப் போகிற வழியில் மரத்தடியில் நின்று, முன்னும் பின்னும் பார்த்துப் பார்த்துத் தின்றேன். ஒவ்வொரு வடையின் மேலும் முழு இறால் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பயத்தில் பாதி ருசி தெரியவில்லை. மீதிப் பாதியே போதுமாக இருந்தது.

மறுநாள் மங்கு வடையில் இறாலைக் காணோம். அதற்கு மறுநாளும் காணோம். வீட்டில் எனக்கு வைக்கும் ஒற்றை வடையில் மட்டும் இறால் இருந்தது. ஏன் என்று கேட்கத் துடித்தேன். கேட்டால் மாட்டிக்கொள்வேன். வெறும் மாவைத் தின்றுகொண்டு, தினமும் காசு கொடுத்துக் கடல்பாசி வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

பிறகு ஒருநாள் ஷரீஃபா தானும் கூட வருவதாகச் சொன்னாள். கடல்பாசிக்குச் சந்திரமதியிடம் பக்குவம் கேட்க வேண்டுமாம். மழை வரும் என்றேன். குடை எடுத்தாள். சந்திரமதி புக்கிட் பாருவுக்குப் போயிருப்பாள் என்றேன். வீட்டைப் பார்த்துவிட்டே வரலாம் என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

தெருமுனையில் மாக் லேஹா எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நாளைக்கு இன்னும் கூடச் செய்து கொடு ஷரீஃபா, உன் கடல்பாசியை உன் வீட்டுக்காரரே தினமும் வாங்கிப் போகிறார் என்று மலாயில் சொன்னாள்.

 கடல்பாசி இவள் செய்ததா? நான் துணிக்கடையில் இருக்கும் நேரத்தில் செய்து விற்கக் கொடுத்திருக்கிறாள். நோன்பு தொடங்கியதிலிருந்து என் வீட்டுப் பலகாரத்தைக் காசு கொடுத்து வாங்கி என் வீட்டுக்கே சுமந்திருக்கிறேன். இருந்தாலும் உயிர்ப் பயம் மூளையைத் தட்டிவிட்டது.

"சந்திரமதி மங்கைக் காலியாத்தான் குடுத்தா, ஷரீஃபா. அவ மானம் போகக்கூடாதுன்னுதான் நான் வாங்கி நிரப்பினேன்."

"அப்படியா? ஏன் காலியாக் குடுத்தாளாம்?"

அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொங்கி வந்துவிட்டது.

"பின்னே? வடையில ஒரு இறால் கூட இல்லைன்னு அவ எவ்வளவு வருத்தப்பட்டா தெரியுமா?"

ஷரீஃபா நிதானமாகக் குடையை மடக்கினாள்.

"முதல் நாள் கடல்பாசியைப் பார்த்ததுமே புரிஞ்சு போச்சு. அடுத்த நாள்லேர்ந்து அவ வடையை மத்தியானமே நான் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். இறால் இல்லாதது நீங்க தூக்கிட்டுப் போன மங்குலதான். அவளுக்குக் குடுத்ததுல இறால் இருந்துச்சே."

மாக் லேஹா கடல்பாசிப் பொட்டலத்தை நீட்டினாள். நான் காசை எடுத்துக் கொடுத்தேன்.