கறுப்புத் தடமும் மூன்றாவது மாடியும்

மெத்தைக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வாரத்தில் ஆறு நாள் மெத்தைக் கடையில் நின்றபடி வேலை. வருகிறவர்கள் படுத்துப் பார்ப்பார்கள், புரண்டு பார்ப்பார்கள், சிலர் குறட்டையே விட்டுப் பார்ப்பார்கள். இவர் பக்கத்தில் நின்று, "முதுகுக்கு எப்படி இருக்கு சார்?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். கடையில் நாற்பத்தாறு மெத்தை இருக்கிறது, விற்பனையாளர் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. சரி, ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாம் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் தொங்கும். மின்விசிறி துடைப்பது, பரணில் இருப்பதை இறக்குவது, இறக்கியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மறுபடி ஏற்றுவது. பட்டியல் எழுதுவது அவர் மனைவி.

மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வண்டி சர்வேயர். விபத்தில் அடிபட்டது என்று யாராவது காரைக் கொண்டுவந்தால் அதை ஒரு தடவை சுற்றி நடப்பார். "இது லாரி இடிச்சது இல்ல, நீங்களே உங்க வீட்டு கேட்டுல தேய்ச்சது" என்பார். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார். இப்பேர்ப்பட்டவரை ஒரு சைக்கிளை வைத்து ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தாரே, அந்தத் துணிச்சலுக்காகவாவது மெத்தைக்காரருக்கு நாம் கை தட்டலாம்.

"இந்தத் தொப்பையைக் கரைக்கணும்மா. மலை சைக்கிள் வாங்கப் போறேன். ஞாயித்துக்கிழமையானா தேசியப் பூங்காவுக்குப் போய் ஓட்டப் போறேன்."

"மலையிலயா? நீங்களா?"

"ஏன், எனக்கென்ன?"

"போன வாரம் கட்டில்லேர்ந்து இறங்கும்போது கால் சுளுக்கிக்கிட்டது யாரு?"

"அதுக்குத்தான் பயிற்சி வேணுங்கிறேன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, போய்ட்டு வாங்க," என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்ததும் மனுஷர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறே புத்தம்புது சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். அங்கே மலையில் நான்கு சைக்கிள் தடங்கள். பச்சைத் தடம் குழந்தைகளுக்கு. நீலம், பழகுகிறவர்களுக்கு. சிவப்பு, பழகியவர்களுக்கு. கறுப்பு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு. ஆளையும் சைக்கிளையும் ஒரு ஜீப் உச்சியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டியது.

மெத்தைக்காரர் நேராகக் கறுப்புத் தடத்தின் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பாதை பத்தடி தூரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் காணோம். குறுக்கே வேர்கள், வேர்களுக்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே மரங்களின் உச்சி. மரத்தின் உச்சியை அவர் அதுவரை கால்மட்டத்தில் பார்த்ததில்லை. திரும்பி வந்து சைக்கிளை ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தார்.

"என்ன சார், மறுபடி ஏத்துறீங்க?" என்றார் ஜீப் டிரைவர்.

"கீழ போகணும்."

"கீழ போறதுக்குத்தான் சார் சைக்கிள்."

"நீங்க இறங்கும்போது ஜீப் காலியாத்தானே போகுது?"

"ஆமா, காலியாத்தான் போகுது."

"பாவம், துணைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

"இப்பதான் எறக்கினேன் சார். அடுத்த நடை கிளம்ப நேரமாகும். அந்தக் கொட்டகையில ஒரு பெஞ்சு இருக்கு, சும்மா படுங்க."

படுத்தார். நிழல், காற்று, குருவிச் சத்தம். "முதுகுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. இருபது வருஷமாக மெத்தை விற்றவர், அந்த வெறும் பலகைக்கு ஈடான மெத்தை உலகத்தில் இல்லை என்று கண்டுகொண்டார். நாலு மணி நேரம் அசையவில்லை. கிளம்பும்போது மட்டும் பொறுப்பாக ஓடையில் சேறு அள்ளி சைக்கிள் கம்பியில் பூசினார், ஷூவில் பூசினார், கன்னத்தில் ஒரு தீற்று தீற்றிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மனைவி.

"கறுப்புத் தடம். ரெண்டு ரவுண்டு."

"ரெண்டா! மூச்சு வாங்கலையா?"

"மூச்சா? சொல்லப்போனா எனக்கு அது ஒரு ஓய்வு மாதிரிதான்."

நாக்கில் சனி உட்கார்ந்த நேரம் அது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. குடியிருப்பு சங்கத்தார் அதைப் பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மனைவி கூப்பிட்டார். "என்னங்க, தண்ணி கேன் ரெண்டு கீழ இருக்கு. கேன்காரர் மாடிக்கெல்லாம் தூக்க மாட்டாராம்."

"எனக்கு முட்டி..."

"கறுப்புத் தடத்தை ரெண்டு ரவுண்டு அடிக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு மாடியா?"

முடியாது என்றால் மலைக்குப் போனது பொய்யாகிவிடும். அது பொய்யானால் பெஞ்சு போய்விடும், பட்டியல் திரும்பி வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அந்த வாரமே கேஸ் சிலிண்டர், மாவு மூட்டை, பழைய தையல் மிஷின். போதாததற்கு நாலாவது மாடி அம்மாள் படியில் மூட்டையுடன் நின்றால், "எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. ஏறி இறங்கலன்னா அவருக்குத் தூக்கமே வராது," என்று மனைவியே உபகாரம் செய்தார்.

இப்படிப் பன்னிரண்டு வாரம். மாதத்துக்கு ஒருமுறை பொய் ஒரு ரவுண்டு கூடியது, திங்கட்கிழமைதோறும் சுமை ஐந்து கிலோ கூடியது. படிகள் மொத்தம் ஐம்பத்து நாலு என்பதும், முப்பத்தோராவது படி கொஞ்சம் உயரம் என்பதும் அவருக்கு மனப்பாடம். இருந்தும் பொறுத்துக்கொண்டார். அந்த நாலு மணி நேரத் தூக்கத்துக்காக மலையையே தூக்கச் சொன்னாலும் தூக்கியிருப்பார்.

பன்னிரண்டாவது ஞாயிறு கன்னத்துச் சேற்றோடு வந்து இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியின் அடியில் ஓர் இரும்பு பீரோ நின்றது. ஆளுயரம், கதவில் கண்ணாடி. பக்கத்தில் மனைவி.

"அக்கா வீடு மாத்துறாங்கல்ல, இதை நமக்குக் குடுத்துட்டாங்க. வேன்காரர் இங்கயே எறக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"இன்னிக்கு அஞ்சு ரவுண்டும்மா. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"உங்களுக்குத்தான் அது ஓய்வாச்சே."

மெத்தைக்காரர் பீரோவைப் பார்த்தார். படியைப் பார்த்தார். கண்ணாடியில் சேறும் வியர்வையுமாகத் தெரிந்த அந்த மனுஷனைப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. பெஞ்சும் வேண்டாம், மலையும் வேண்டாம், உயிர் பிழைத்தால் போதும் என்றாகிவிட்டது.

"உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றார். "நான் மலையில சைக்கிளே ஓட்டல. ஒரு நாள்கூட ஓட்டல. ஜீப்புல ஏறுறேன், நாலு மணி நேரம் படுத்துத் தூங்குறேன், ஜீப்புல எறங்குறேன். இந்தச் சேறெல்லாம் நானே பூசிக்கிட்டது. என்கிட்ட தெம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த பீரோவைத் தூக்க என்னால ஆகாது."

திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். திட்டைப் படியில் உட்கார்ந்தபடியே வாங்கலாம் அல்லவா?

"தெரியும்," என்றார் மனைவி.

"என்ன தெரியும்?"

மனைவி குனிந்து சைக்கிளின் பின்சக்கரத்தைத் தடவினார். புது டயரில் முள் முள்ளாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். கல்லிலும் மண்ணிலும் ஓட்டினால் உதிர்ந்துவிடும். பன்னிரண்டு வாரமாகியும் இதில் ஒன்றுகூட உதிரவில்லை.

"வண்டி பூரா சேறு, டயர்ல மட்டும் மீசை அப்படியே இருக்கு. மொத வாரமே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா தண்ணி கேன் மேல வருமா?"

மெத்தைக்காரருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. பெரிய சுமை இறங்கியவர் மாதிரி மூச்சு விட்டார்.

"சரி விடு. நான் வீரன் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ரெண்டு ஆளைக் கூப்பிட்டு ஏத்திக்கலாம்."

"ஆள் எதுக்கு?" மனைவி கையை மடித்து விட்டுக்கொண்டு பீரோவின் தலைப்பக்கம் போய் நின்றார். "அஞ்சு ரவுண்டு ஓட்டிட்டு வந்திருந்தீங்கன்னா, பாவம்னு நானே விட்டிருப்பேன். நாலு மணி நேரம் தூங்கிட்டு வந்தவருக்கு என்ன களைப்பு? அடிப்பக்கம் பிடிங்க."