பதினெட்டுத் தையல்

"இவ்வளவுதானா?" என்றார் மாமனார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

சின்ன மாப்பிள்ளையின் குதிகாலில் இரண்டே இரண்டு குட்டிப் பிளாஸ்திரிகள்.

"துளை போட்டுத்தான் மாமா பண்ணினாங்க. உள்ள ரெண்டு திருகாணி இருக்கு" என்றார் பஸ் டிரைவரான சின்ன மாப்பிள்ளை.

"கொசு கடிச்ச மாதிரில்ல இருக்கு! பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு சாண் கிழிச்சாங்களே, பாவம்."

டிரைவருக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவரும் சகலையும் ஒரே ஏணியில் ஏறி, ஒன்றாக விழுந்து, ஆளுக்கொரு குதிகாலை உடைத்துக்கொண்டார்கள். எலும்பு கூடியது, மூட்டு தேய்ந்துபோனது. அடியெடுத்து வைத்தால் உயிர் போகிற வலி. மூட்டை அசையாமல் ஒட்டவைக்கும் ஆபரேஷன் சகலைக்கு மூன்று மாதம் முன்பே நடந்தது. 'பதினெட்டுத் தையல்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்றைக்கும் சாய்வு நாற்காலி சகலைக்கு, சூப்பும் சகலைக்கு. டிரைவருக்கு முக்காலி.

பொறுக்கமாட்டாமல் குளியலறைக்குப் போய், இரண்டு சுருள் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலில் தத்தித் தத்தி வந்தார். யாரும் திரும்பவில்லை.

"அம்மா..." என்று முனகினார்.

மாமியார் ஓடிவந்தார். "என்ன மாப்பிள்ள?"

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல அத்தை. பொறுத்துக்கறேன்."

சூப் வந்தது. சாய்வு நாற்காலியும் இடம் மாறியது. சகலையின் முகம் சுண்டியது. அந்தக் குஷியில் டிரைவர், "ஜுரம் வேற அடிக்குது" என்று ஒரு படி மேலே போனார்.

வினை அங்கேதான் வந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்து அவர் மனைவி அலறினாள். இறுக்கின இறுக்கில் அவை ஊதா நிறத்தில் வீங்கியிருந்தன.

"சீழ் வச்சிருச்சு! வண்டிய எடுங்க!"

"வேணாம், இப்ப குறைஞ்சிருச்சு..."

யார் கேட்டார்கள்? குடும்பமே வண்டியில் ஏறியது. சகலை மட்டும், "நான் வீட்டப் பாத்துக்கறேனே" என்றார். மாமனார் விடவில்லை. "அனுபவப்பட்ட ஆளு நீங்க இல்லாம எப்படி?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைக் கத்தரித்தார். சுற்றுச் சுற்றாக விழுந்தது. கடைசியில் அதே இரண்டு பிளாஸ்திரிகள். அவற்றையும் உரித்துப் பார்த்தார்.

"துளை ரெண்டும் அருமையா ஆறியிருக்கு. இந்த மூட்டைய யாரு கட்டினது?"

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வெக்கமா இல்ல மாப்பிள்ள?" என்றார் மாமனார். "பதினெட்டுத் தையலையும் பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாங்கின மனுஷன் பக்கத்துலயே நிக்கறாரு."

பக்கத்தில் நின்ற மனுஷன் கதவுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். நர்ஸ் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, நீங்களா சார்! உங்க ரெண்டு துளையும் ஆறிடுச்சா?"