தண்ணீர்த் தொட்டி ஓட்டைகள் பற்றிய இறுதி அறிக்கை

இதைச் சொல்பவனுக்கே எட்டு வருஷமாக இதில் சந்தேகம் உண்டு. அலுவலகம் செய்ததில் சந்தேகமில்லை. அலுவலகம் எதையும் செய்யும். கடைசியில் தான் செய்ததாக அபூ லைத் சொன்னாரே, அதில்தான்.

ஜோர்டானின் வடக்கு மலைப்பக்கம், தல் அல்ஜவ்ஸ் ஊரில், மாவட்ட ஆளுநர் அலுவலகத்தின் பதிவேட்டு எழுத்தர் அபூ லைத். வாரத்துக்கு ஒருநாள்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அவருடைய பதினொரு வயது மகள் ஜுமானா மொட்டைமாடிக்கு ஏறினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சந்தோஷத்தைத் துப்பாக்கி வழியாக வானத்துக்குத் தெரிவித்தார்கள். வானம் அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. அது ஜுமானாவின் வலது தோளில் இறங்கியது. பிழைத்துக்கொண்டாள். கைதான் அதன்பிறகு தோளுக்கு மேல் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நாற்பது பேர் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். காபி வைக்கப்பட்டது. ஒருவரும் தொடவில்லை. கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள், அது முறை.

"விதி, அபூ லைத். யார் சுட்டதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"ஆண்டவனுக்கும் தெரியும், வீடியோ எடுத்தவனுக்கும் தெரியும், மாமா. இருபது துப்பாக்கி இருக்கு அதுல."

"அந்த இருபது பேர்ல பத்துப் பேர் உன் சொந்தக்காரன். பாத்துப் பேசு."

நாற்பது கோப்பையும் ஆறிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வந்தவர்களைக் காபி குடிக்கவிடாமல் அனுப்பினான் என்ற பேர் ஏழு தலைமுறைக்கு நிற்கும். "குடிங்க" என்றார். வழக்கு முடிந்தது.

ஆனால் அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது. இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது. கல்யாணப் பந்தலுக்குள் துப்பாக்கி வரக் கூடாது என்று ஒரே ஒரு விதி. மனு எழுதினார்.

கெட்ட நேரம், அந்த வருஷம் அலுவலகத்தில் புதுமோகம் ஒன்று வந்திருந்தது: 'சான்று'. அதற்கு முந்தைய மோகம் 'வெளிப்படைத்தன்மை'. அதற்காக எல்லாக் கதவுகளையும் கண்ணாடியாக மாற்றினார்கள். வெளியிலிருந்து தெரிகிறது என்று பிறகு திரை போட்டார்கள். சான்றைக் கொண்டுவந்தவர் டாக்டர் ஸுஹைர். வெளிநாட்டில் ஒன்பது மாதம் இருந்து திரும்பியவர். 'மகிழ்ச்சி நிமித்தத் துப்பாக்கிப் பிரயோகம் குறித்த சான்றுசார் கொள்கை வகுப்பு உயர்மட்டக் குழு'வின் தலைவர். குழுவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம்.

"உங்க பொண்ணுக்கு நடந்தது ரொம்ப வருத்தம். ஆனா ஒரு சம்பவம் சான்று ஆகாது" என்றார் டாக்டர்.

"எத்தனை பொண்ணு வேணும், ஐயா?"

டாக்டர் கோபப்படவில்லை. குறித்துக்கொண்டார். "நல்ல கேள்வி. அதுக்குத் தனியா ஒரு கூட்டம் போடணும். முதல்ல, மேல சுட்ட குண்டு கீழ வருதாங்கிறதை நிறுவணும்."

"மேல போனது கீழ வரும்னு உலகத்துக்கே தெரியுமே!"

"அதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி. நம்ம ஊர் நிலைமைக்குப் பொருந்துமான்னு பாக்க வேண்டாமா?"

அந்தக் கோடை முழுக்க அபூ லைத் ஊரின் மொட்டைமாடிகளில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு தொட்டியிலும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் துணி, மெழுகு, மென்ற சூயிங்கம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எந்த நாள், எந்தக் கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தார். குழு ஆறு மாதம் ஆராய்ந்து முடிவுக்கு வந்தது: 'விழும் குண்டுகளைத் தொட்டிகள் செவ்வனே தடுத்து வருகின்றன. ஆகவே வீட்டுக்கு ஒரு தொட்டி கூடுதலாக வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அடுத்த கோடையில், கிழக்குப் பகுதிக் காவல் நிலையத்தில் கைஸ் என்ற அதிகாரி யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். கல்யாணப் பந்தல் வாசலில் மேசை போட்டார். துப்பாக்கியைக் கொடுத்தால் எண் போட்ட சீட்டு. "சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கோங்க." முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள், மன்ஸஃப் விருந்தைச் சாப்பிட்டார்கள், போனார்கள். முப்பத்தொரு கல்யாணம். அபூ லைத் எல்லா மாடியிலும் ஏறிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஐயா, சான்று! கிழக்குப் பக்கம் புது ஓட்டையே இல்ல!"

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல!"

டாக்டரின் முகம் கறுத்தது. "அப்புறம் எதை வச்சு ஆராயறது? மூணு வருஷத் திட்டம்யா இது. நடுவுல புகுந்து ஒருத்தர் சான்றையே இல்லாமப் பண்ணிட்டாரே!"

சான்றை அழித்த குற்றத்துக்காகக் கைஸ் பாலைவன எல்லைச் சாவடிக்கு மாற்றப்பட்டார். அங்கே கல்யாணம் கிடையாது, ஒட்டகம்தான். மறுவாரமே கிழக்கில் ஓட்டைகள் விழத் தொடங்கின. குழு நிம்மதியாக மூச்சுவிட்டது.

மூன்றாம் வருஷம் இறுதி அறிக்கை வந்தது. துப்பாக்கி மேல்நோக்கிச் சுடப்படுகிறது. காயமோ மேலிருந்து வருகிறது. மேலிருந்து வருபவை மழை, பனி, ஆலங்கட்டி. ஆகவே விஷயம் வானிலையைச் சார்ந்தது. இதன்படி மாவட்டத்தில் துப்பாக்கிக் காயம் பூஜ்யமானது. தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பழைய பதிவுகளைத் திருத்துவது மட்டும் பாக்கி. அது பதிவேட்டு எழுத்தரின் வேலை.

அபூ லைத் பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். 'துப்பாக்கிக் குண்டு' என்பதை அடித்தார். 'மேலிருந்து விழுந்த பொருள். ஆலங்கட்டி காண்க' என்று எழுதினார். ஜுமானாவின் கோப்பு.

"கை நடுங்கலையா?" என்று மனைவி கேட்டாளாம்.

"முத்திரை நேராத்தான் விழுந்துச்சு" என்றாராம்.

இதுவரைக்கும் நம்பலாம். அந்த இலையுதிர்காலத்தில் மகன் லைத்துக்குக் கல்யாணம். பந்தல் வாசலில் அபூ லைத் பலகை வைத்தார்: துப்பாக்கி வேண்டாம். வந்தவர்கள் படித்துவிட்டுக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். விருந்து முடிந்தது. மேளம் ஓய்ந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

"என்ன மச்சான், இது கல்யாண வீடா, இழவு வீடா?" என்றார் மனைவியின் அண்ணன்.

"பலகையைப் பாக்கலையா?"

"பாத்தேன். மத்தவன் சுடக் கூடாதுன்னு போட்டிருக்கு. பெத்தவனுக்குமா? பையன் மூஞ்சியைப் பாரு."

லைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ காரிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து அபூ லைத்தின் கையில் வைத்தார்கள். நானூறு பேர் பார்த்தார்கள். முன்வரிசையில் டாக்டர் ஸுஹைர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சம்பவம் சான்று ஆகாது, அபூ லைத்."

மூன்று முறை சுட்டாராம். பந்தலே அண்ணாந்து பார்த்து ஆர்ப்பரித்ததாம். ஜுமானா மட்டும் எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டாளாம்.

சொல்பவன் அந்தப் பந்தலில் இல்லை. மூன்று தெரு தள்ளி அவன் வீடு. அன்று சாயங்காலம் அவன் தொட்டியிலும் ஒரு புது ஓட்டை. சூயிங்கத்தை மென்று அடைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனான். எந்தக் கல்யாணத்துக் குண்டோ என்று இருந்துவிட்டான். நம்பாமல் இருப்பது வசதியாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாகப் போன வாரம் தொட்டியைக் கழுவும்போது அடியில் அந்தக் குண்டு கிடந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அபூ லைத் வீட்டுக்குப் போனான். காபி வந்தது. அவன் குடிக்கவில்லை.

"ஒண்ணு என் தொட்டியில இருந்துச்சு, அபூ லைத். மத்த ரெண்டும் எங்க விழுந்துச்சு?"