சமர்கந்தில் இருந்த பாஸ்போர்ட் அதிகாரி

மேன்மை தங்கிய லோன்ஹோல்ட் நகரசபை, பூமி சூடாவதைத் தன் பங்குக்குத் தடுத்து நிறுத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வேறு நாடாக இருந்தால் காபி குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். டென்மார்க்கில் தீர்மானம் என்றால் தீர்மானம்தான். ஊழியர்கள் இனி விடுமுறைக்கு விமானம் ஏறக் கூடாது. பயண நூல் ஒன்றைப் படித்தே ஊர் பார்த்துத் திரும்ப வேண்டும். தத்தம் நாற்காலியிலேயே படிக்கலாம். படித்து முடிக்கும்வரை அன்னார் வெளிநாட்டில் இருப்பதாகவே கருதப்படுவார்.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, போடில் அம்மாளைத் தவிர.

போடில் அம்மாள் பல் மருத்துவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் சுற்றும் ஆசை அவருக்கு உயிர். கட்டிய கணவரோ பேருந்து ஏறினாலே வாந்தி எடுப்பவர். எனவே அந்த ஆசையையெல்லாம் நூலகத்துப் பயண நூல்களில்தான் தீர்த்துக்கொண்டார். நீலக் குவிமாடத்துக்குப் பேர்போன பழைய நகரமான சமர்கந்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்திருந்தார். கணவர் காலமானதும், "போதும்டா சாமி, அந்த நீலக் குவிமாடத்தைக் கண்ணால பார்த்துட்டுத்தான் மறுவேலை" என்று பக்கத்து வீட்டு கெர்டாவோடு ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்துவிட்டார். கெர்டாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. இவர் இனிமேல்தான் வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட் கொடுக்கும் பிரேபன், கண்ணாடிக்குப் பின்னால் வெயில் தொப்பியோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட் வேணுங்க."

"நான் ஊர்ல இல்லீங்களே" என்றார் பிரேபன், தலை நிமிராமல்.

"என் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"பார்வைக்கு அப்படித்தான் தெரியும். நான் சமர்கந்துல இருக்கேன். வெயில் மண்டையைப் பிளக்குது."

போடில் அம்மாளுக்கு வயிறு எரிந்தது. "நானும் அங்கதான் போகணும்!"

"எதுக்குங்க? ஒரே தூசி."

"சரி, எப்பத் திரும்புவீங்க?"

"அவசரமே இல்லை. தினம் ரெண்டு பக்கம்னு நிதானமாப் பார்க்கறேன்."

"நாலு பக்கத்தைத் தள்ளிட்டு வந்துடக் கூடாதா?"

பிரேபன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பக்கத்தைத் தாண்டறதா? திருட்டுத்தனமா எல்லை தாண்டற மாதிரிங்க அது! வேலை போயிடும்."

கூடத்தில் காத்திருந்த ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார் போடில் அம்மாள். வண்டியே வராத சாலையிலும் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நிற்கிற ஜனங்கள். பொழுது போக அவர்களுக்கும் நகரசபை அதே புத்தகத்தைக் கொடுத்திருந்தது.

"நீங்களாவது என்னன்னு கேளுங்களேன்!"

"லீவுல போன மனுஷனை ஏம்மா தொந்தரவு பண்றீங்க?" என்றார் ஒரு பெரியவர்.

போடில் அம்மாள் தினமும் வந்தார், தினமும் இதே கதை. குழு கிளம்பும் நாள் நெருங்க, அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடியில் ஓங்கித் தட்டினார்.

"பிரேபன்! புத்தகத்துல வர்ற அந்த ஒட்டகக்காரன் ரொம்ப நல்லவன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா? மூட்டை முடிச்சையெல்லாம் தூக்கிட்டு ஓடிடுவான். எழுதினவருக்குக் காய்ச்சல் வந்து பாதியிலேயே வீடு திரும்பிடுவார். அவ்வளவுதான் கதை. வாங்க வெளியே!"

"அடிப்பாவி!" என்று கூடமே அலறியது. பிரேபன் புத்தகத்தை மூடிவிட்டுத் தேம்பினார்.

வெளிநாட்டில் விபத்துக்குள்ளாகும் ஊழியரை உடனடியாகத் தாயகம் கொண்டுவர வேண்டும் என்பது விதி. இருவர் ஓடி வந்து, பிரேபனை நாற்காலியோடு தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வைத்தார்கள். தாயகம் திரும்பிய பிரேபன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலையைப் பார்த்தார். அவசரக் கணக்கில் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

வாங்கப் போன அன்று மேலதிகாரி விபேகே அம்மையார் காத்திருந்தார். "இத்தனை பேரோட பயணத்தை நாசம் பண்ணியிருக்கீங்க. ரெண்டு வருஷம் உங்களுக்குப் பயணத் தடை."

"அப்போ பாஸ்போர்ட்?"

"தாராளமா வச்சுக்கங்க. விமானத்துல போறதெல்லாம் எங்க கணக்குல பயணமே இல்லை. நூலக அட்டையை மட்டும் குடுங்க."

"சமர்கந்து புத்தகத்தையாவது கையோட எடுத்துட்டுப் போறேனே?"

"தொடவே கூடாது."

போடில் அம்மாள் யோசித்தார். புத்தகம் இல்லாமல் அந்தக் குவிமாடத்துக்கு முன்னால் போய் நின்று என்ன செய்வது? எங்கே வியப்பது, எங்கே பெருமூச்சு விடுவது என்று யார் சொல்வார்கள்? நினைக்கவே பயமாக இருந்தது. பாஸ்போர்ட்டை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கங்க. அட்டையை விட்டுடுங்க."

நகரசபை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

குழு போய்த் திரும்பியது. வெயிலில் முகமெல்லாம் கறுத்து வந்த கெர்டா, காபிக்கு உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"என்னத்தைச் சொல்றது போடில்! அந்தப் பெரிய வாசலைப் பார்த்ததும் என்னையறியாம அழுதுட்டேன்."

"வாசல்லயா?" போடில் அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். "தப்பாச்சே கெர்டா. அங்க அழக் கூடாது. அழறது அடுத்த அத்தியாயத்துல."

கெர்டாவின் முகம் விழுந்துவிட்டது. "அய்யய்யோ, எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.